தஞ்சாவூரிலிருந்து கோடியக்கரைக்குச் சைக்கிளில் தனியாக: முதல் நெடும்பயணம், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரி டெல்டாவில் மலை கிடையாது. தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கடற்கரை வரைக்கும் உள்ள 80, 90 கிலோமீட்டரில் நிலம் இறங்குவது அந்த 60 மீட்டர்தான், அதுவும் கண்ணுக்குத் தெரியாமல். முதன்முதலாகத் தனியாக நெடுந்தூரம் சைக்கிள் மிதிக்க நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. நான் 43 வயதில் இந்த வழியில்தான் தொடங்கினேன். அதற்குப் பிறகு என்னிடம் அக்கம்பக்கத்தாரும் உறவுக்காரப் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதுகிறேன்.

எந்த வழி? எத்தனை நாள்?

நான்கு நாள், ஏறத்தாழ 220 கிலோமீட்டர்.

முதல் நாள் தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வழியாகக் கும்பகோணம், சுமார் 50 கிலோமீட்டர். நேர் ரோட்டில் போனால் 40தான். ஆனால் அந்த ரோட்டில் பேருந்தும் லாரியும் உங்களைச் சும்மா விடாது. திருவையாற்றில் திரும்பிக் கணபதி அக்ரகாரம், கபிஸ்தலம், சுவாமிமலை என்று காவிரியை ஒட்டியே போங்கள். 10 கிலோமீட்டர் கூடுதலாக மிதிப்பதற்குப் பதிலாக நிழலும் அமைதியும் கிடைக்கும்.

இரண்டாம் நாள் கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை, செம்பனார்கோயில், திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடி. 70 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நான்கு நாளில் இதுதான் நீளமான நாள். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே பெரிய ரோட்டை விட்டு விலகிப் போக ஊர்ச் சாலைகள் நிறைய உண்டு. கையில் வரைபடம் இருந்தாலும், எந்த ரோடு நன்றாக இருக்கிறது என்று டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வரைபடத்தில் கோடாக இருப்பது நேரில் ஜல்லி கொட்டிய பாதையாக இருக்கலாம்.

மூன்றாம் நாள் தரங்கம்பாடியிலிருந்து காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் தாண்டி வேளாங்கண்ணி, 45 கிலோமீட்டர் போல. நான்காம் நாள் வேளாங்கண்ணியிலிருந்து திருப்பூண்டி, வேட்டைக்காரனிருப்பு, வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரை, 55 கிலோமீட்டருக்கு மேல்.

இவ்வளவும் முடியாது என்று தோன்றினால் தரங்கம்பாடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் 120 கிலோமீட்டர், கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். அதுவும் முழுப் பயணம்தான்.

கடைத்தெருவுக்குப் போய்வருவதைத் தவிர சைக்கிளே ஓட்டியதில்லை. என்னால் முடியுமா?

முடியும். ஆனால் இரண்டு மாதம் கொடுங்கள். முதல் இரண்டு வாரம் தினமும் 8, 10 கிலோமீட்டர். பிறகு வாரத்தில் ஒரு நாளை நீளமான நாளாக வைத்துக்கொண்டு 20, 28, 35, 45 என்று ஏற்றுங்கள். நான்கு வாரம் ஏற்றினால் ஐந்தாவது வாரம் குறையுங்கள். உடம்பு வலுப்பெறுவது ஓய்வு நாளில்தான்.

புறப்படும் முன் ஒரு தடவையாவது அடுத்தடுத்து இரண்டு நாள், நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். முதல் நாள் யாரும் ஓட்டிவிடலாம். இரண்டாம் நாள் காலையில் அந்த சீட்டில் மறுபடி உட்காரும்போதுதான் உங்கள் சைக்கிளும் உடம்பும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று தெரியும். அந்தச் சோதனையை வீட்டுக்குப் பக்கத்திலேயே முடித்துவிடுவது நல்லது.

வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் போதும். பக்கத்தில் ஒருவர் வந்தால் மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம் எதுவோ அதுதான் உங்கள் வேகம். நிற்பது, டீ குடிப்பது, வழி கேட்பது எல்லாம் சேர்த்தால் 50 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு இருப்பவர்கள், 40 வயதுக்கு மேல் முதன்முதலாகத் தொடங்குகிறவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நானும் கேட்டேன்.

சமவெளிதானே, மேடே இல்லையே, சுலபமாகப் போய்விடலாம் அல்லவா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. எல்லோரும் தவறாகக் கணக்குப் போடும் இடமும் இதுதான்.

டெல்டாவில் மேடு என்றால் பாலத்தின் ஏற்றம் மட்டும்தான். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் 12 கிலோமீட்டரில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைக் கடக்கிறோம். அந்தந்தப் பாலத்தில் ஏறி இறங்குவதுதான் அன்றைய மலையேற்றம். ஆனால் மேடு இல்லாத இடத்தில் இறக்கமும் இல்லை. மலை ரோட்டில் ஏறி முடித்தால் காலை ஆட்டாமல் நாலு கிலோமீட்டர் உருண்டு போகலாம். இங்கே மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் நின்றுவிடும். ஐந்து மணி நேரம் ஓட்டினால் ஐந்து மணி நேரமும் மிதிக்கத்தான் வேண்டும், அதுவும் ஒரே மாதிரி உட்கார்ந்து.

அதைவிடப் பெரிய விஷயம் காற்று. டெல்டாவின் மலை காற்றுதான். காற்றின் தடை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். நீங்கள் 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், எதிரே அதே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மேல் மோதும் காற்றின் வேகம் 30. காற்றில்லாத நாளில் இருந்த தடையைப்போல நான்கு மடங்கு. மேடு என்றாலாவது அது முடியும் இடம் கண்ணுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் வெறும் வயலாக இருக்கும் ரோட்டில் எதிர்க்காற்று எங்கே முடியும் என்று யாருக்கும் தெரியாது. அந்த ஏக்கம்தான் காலைவிட மனசை முதலில் சோர்வாக்குகிறது.

அதனால் கிலோமீட்டரை வைத்துத் திட்டம் போடாதீர்கள். எந்த மாதம், எந்தத் திசை, எத்தனை மணி என்று காற்றை வைத்துத் திட்டம் போடுங்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் மற்ற எல்லாமே இதை ஒட்டித்தான்.

அப்படியானால் எந்த மாதம்?

தை பிற்பகுதியும் மாசியும். அதாவது ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. டெல்டாவுக்கு மழையும் புயலும் அப்போதுதான். கஜா புயல் 2018 நவம்பர் 16ஆம் தேதி வேதாரண்யத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. அந்த மாதங்களில் இந்தக் கரையோரம் தனியாகச் சைக்கிளில் போகும் யோசனையே வேண்டாம். ஏப்ரல், மே வெயில் யாருக்கும் ஆகாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேல்காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இந்தப் பக்கத்து வயல்வெளியில் நின்றால் புரியும். தஞ்சாவூரிலிருந்து கடலுக்குப் போகும்போது அது முதுகில் தள்ளும்தான். ஆனால் கிழக்கே போய்த் தெற்கே திரும்பினால் பக்கவாட்டில் அடித்துச் சைக்கிளை ரோட்டை விட்டு மண் ஓரத்துக்குத் தள்ளும். முதல் பயணத்துக்கு அது வேண்டாம்.

தை, மாசியில் காற்று பொதுவாக வடகிழக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும். காலையில் அடங்கியிருக்கும், முற்பகல் தாண்டினால் கடல் காற்றோடு சேர்ந்து எழும்பும். நான் மேலே சொன்ன வழி இதற்காகப் போட்டதுதான். கிழக்கு நோக்கிப் போகும் முதல் இரண்டு நாளும் காற்று எழும்புவதற்கு முன்னே பாதிக்கு மேல் ஓட்டி முடித்துவிட வேண்டும். தரங்கம்பாடியில் தெற்கே திரும்பிய பிறகு அதே காற்று இடது தோளுக்குப் பின்னாலிருந்து துணைக்கு வரும். இதே வழியைத் தலைகீழாகக் கோடியக்கரையில் தொடங்கி ஓட்டியவர் ஒருவரை எனக்குத் தெரியும். இரண்டாம் நாள் நாகூரோடு நிறுத்திவிட்டார். அவர் என்னைவிட இருபது வயது இளையவர்.

இன்னொன்று. மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28ஆம் தேதி அடைப்பார்கள். அதையொட்டிப் போனால் ஆற்றில் தண்ணீர் பார்க்கலாம். மாசியில் போனால் பல இடங்களில் மணல்தான் இருக்கும். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை ஜனவரி வாக்கில் வரும். அந்த நாட்களில் ஊருக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போக முடியும். தேதி பார்த்துக்கொள்ளுங்கள்.

கியர் சைக்கிள் வாங்க வேண்டுமா?

வேண்டாம். இந்த வழிக்குக் கியர் இல்லாத சாதாரண சைக்கிளே போதும். பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்த சைக்கிள் வீட்டில் சும்மா நிற்கிறதா, அதில் போகலாம். கியர் இருந்தால் எதிர்க்காற்றில் ஒரு படி இறக்கி மிதிக்கலாம், அது உதவிதான். ஆனால் புதுச் சைக்கிள் வாங்கப் பணம் சேரட்டும் என்று பயணத்தை மூன்று வருஷம் தள்ளிப்போடாதீர்கள்.

எந்தச் சைக்கிளானாலும் மூன்று விஷயம். முதலாவது, சீட் உயரம். சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். முன்பாதம் வைத்து மிதிக்கும்போது லேசாக மடங்கியிருக்கும். நம் ஊரில் பாதிப்பேர் சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். இரண்டாவது, டயர் காற்று. எவ்வளவு அழுத்தம் (பிஎஸ்ஐ) என்று டயரின் ஓரத்திலேயே அச்சிட்டிருக்கும். தினமும் புறப்படும் முன் பாருங்கள். மூன்றாவது, பயணத்துக்குப் பத்து நாள் முன்பே கடையில் கொடுத்து பிரேக் கட்டை, கேபிள், செயின், ஆரங்கள், வீல் பெண்டு எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். முந்தின நாள் கொடுக்காதீர்கள். கடையில் புதிதாக முடுக்கிய எதுவும் 50 கிலோமீட்டராவது ஓடிப் பார்த்த பிறகுதான் நம்பிக்கைக்கு உரியது.

புதுவகைச் சைக்கிள் என்றால் வால்வைப் பாருங்கள். ஒல்லியாக, தலையில் சின்னத் திருகு உள்ள பிரெஸ்டா வால்வாக இருந்தால் நம் ஊர்ப் பஞ்சர் கடைக் குழாய் அதில் பொருந்தாது. சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு பித்தளை அடாப்டர் உண்டு, விலை மலிவுதான். இரண்டு வாங்கி ஒன்றை வால்விலேயே திருகி வைத்துவிடுங்கள்.

காலையில் எத்தனை மணிக்குப் புறப்படுவது?

தை மாதத்தில் சூரியன் உதிப்பது ஆறரை மணி வாக்கில். ஆறு மணிக்கு வெளுக்கத் தொடங்கியதும் கிளம்புங்கள். இருட்டில் கிளம்பாதீர்கள். அந்த மாதத்தில் வயல்வெளியில் பனிமூட்டம் இறங்கும். சில நாள் பத்தடி தள்ளி வரும் டிராக்டர் தெரியாது. அப்படியானால் டீக்கடையில் உட்கார்ந்துவிடுங்கள், ஏழரைக்குள் கலைந்துவிடும். பின்பக்கச் சிவப்பு விளக்கு பகலிலும் மினுங்கிக்கொண்டே இருக்கட்டும். வெள்ளையோ மஞ்சளோ சட்டை போடுங்கள்.

பதினொன்றரைக்குள் அன்றைய தூரத்தில் முக்கால்வாசியாவது முடிந்திருக்க வேண்டும். பிறகு எங்காவது கோயில் மண்டபத்திலோ சத்திரத் திண்ணையிலோ மூன்று மணி வரை படுத்துவிடலாம். மிச்சத்தை வெயில் தாழ்ந்த பிறகு மெதுவாக மிதித்து, ஐந்தரைக்குள் தங்கும் இடம் சேர்ந்துவிடுங்கள். இருட்டில் ஓட்டுவதில்லை என்பது மட்டும் மாறாத விதியாக இருக்கட்டும்.

சாப்பாடு, தண்ணீர்?

பசி எடுப்பதற்கு முன்னே சாப்பிட வேண்டும், தாகம் எடுப்பதற்கு முன்னே குடிக்க வேண்டும். முக்கால் மணிக்கு ஒருமுறை ஒரு வாழைப்பழமோ இரண்டு கடலை மிட்டாயோ வாயில் போடுங்கள். காலையில் புறப்படும் முன் பழமும் டீயும் போதும். 15 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இட்லி சாப்பிடுங்கள். வெண்பொங்கல் சாப்பிட்டுவிட்டு மிதித்தால் தூக்கம் கண்ணைச் சுழற்றும். கும்பகோணம் டிகிரி காபிக்கு நான் தடை சொல்ல மாட்டேன்.

இரண்டு லிட்டர் தண்ணீர் எப்போதும் சைக்கிளில் இருக்கட்டும். வேர்வையில் உப்பும் போகிறது, அதனால் வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் தலை சுற்றும், குமட்டும். நடுநடுவே உப்புப் போட்ட மோர், எலுமிச்சைச் சாறு, இளநீர் சேர்த்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலம் நான்கு எடுத்துப் போங்கள். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், அரை லிட்டரில் அல்ல. சிறுநீர் கறுத்த மஞ்சளாக இருந்தால் நீங்கள் குடித்தது போதவில்லை.

வேட்டைக்காரனிருப்பு தாண்டிய பிறகு கடை கண்ட இடத்திலெல்லாம் பாட்டிலை நிரப்புங்கள். கஜாவில் அந்தப் பக்கம் தென்னையும் சாலையோர மரமும் கொத்துக்கொத்தாகச் சாய்ந்துபோயின. நிழல் குறைவு. முதல் தடவை நான் அன்று காலை ஒன்பது மணிக்குத்தான் வேளாங்கண்ணியில் கிளம்பினேன். அகஸ்தியம்பள்ளி உப்பளத்துக்கு வந்தபோது மணி இரண்டு, பாட்டிலில் ஒரு வாய் தண்ணீர். இரண்டு பக்கமும் வெள்ளை உப்பில் வெயில் பட்டுக் கண்ணைக் கூசியது. தொடை நரம்பு இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். உப்பு அள்ளிக்கொண்டிருந்த ஓர் அம்மா குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, உள்ளங்கையில் இரண்டு கல் உப்பும் வைத்தார். "இத வாயில போட்டுக்கிட்டு குடிங்க. வெறுந் தண்ணி நிக்காது" என்றார். நான் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் உழைத்துத் தெரிந்துவைத்திருந்தார்.

நடுவழியில் பஞ்சர் ஆனால்?

ஆகும். கடலோரம் முழுக்கச் சீமைக் கருவேல முள். புறப்படும் முன் வீட்டில் இரண்டு தடவையாவது நீங்களே டயரைக் கழற்றி மாட்டிப் பழகிவிடுங்கள். பெரிய வித்தை இல்லை.

கையில் வேண்டியவை: அளவு பார்த்து வாங்கிய மாற்று டியூப் ஒன்று, டயர் நெம்பும் பட்டை இரண்டு, ஒட்டுத் துண்டுகள், சொல்யூஷன், ஒரு துண்டு உப்புத்தாள், கைப் பம்ப். அதோடு உங்கள் சைக்கிளின் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனரும் அலன் கீயும்.

வரிசை இப்படி. டியூபை உருவி எடுத்துக் கொஞ்சம் காற்றடித்து வாய்க்கால் தண்ணீரில் முக்கிப் பாருங்கள். குமிழி வரும் இடத்தில் பேனாவால் வட்டம் போடுங்கள். நன்றாகத் துடைத்து, உப்புத்தாளால் பளபளப்புப் போகும்வரை தேயுங்கள். சொல்யூஷனை மெல்லிசாகத் தடவிவிட்டு, தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிடுங்கள். நான்கைந்து நிமிஷம் ஆகும். அவசரப்பட்டு ஈரத்தில் ஒட்டினால் பத்து கிலோமீட்டரில் பிரிந்துவிடும்.

அடுத்ததைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். முள் இன்னும் டயரில்தான் இருக்கிறது. நாகூருக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒரே சக்கரத்தில் அரை மணிக்குள் இரண்டு பஞ்சர். இரண்டாவது தடவை தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்த கடையில் இருந்த பெரியவர் டியூபைத் தொடவே இல்லை. டயரை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு பழைய துணியை உள்பக்கம் வட்டமாக ஓட்டினார். ஓர் இடத்தில் துணியின் நூல் மாட்டி நின்றது. வெளியே பார்த்தால் ஒன்றுமில்லை. முள்ளின் தலை ஒடிந்து விழுந்துவிட்டது, நுனி மட்டும் ரப்பருக்குள் புதைந்து, ஓர் அரிசிக் குருணை அளவுக்கு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நகவெட்டியால் பிடுங்கினார். அன்றிலிருந்து என் பையில் ஒரு துண்டுத் துணியும் நகவெட்டியும் உண்டு. விரலை ஓட்டித் தேடாதீர்கள், கிழித்துவிடும்.

உட்காரும் இடம் வலிக்குமே? கை மரத்துப்போகிறதே?

வலிக்கும். சமவெளியில் கொஞ்சம் கூடுதலாகவே வலிக்கும், ஏனென்றால் எழுந்து மிதிக்க அவசியமே வருவதில்லை. அதை நீங்களே உண்டாக்கிக்கொள்ளுங்கள். கால் மணிக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று இருபது மிதி. மணிக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிஷம் நடை. பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டை கிடைத்தால் வாங்குங்கள், அதற்குள் வேறு உள்ளாடை போடக் கூடாது, தையல் உரசிப் புண்ணாக்கும். தொடையிடுக்கில் தேங்காய் எண்ணெயோ வாஸ்லைனோ தடவிக்கொள்ளுங்கள். மெத்தென்று அகலமான சீட் உறை கடையில் சுகமாகத் தெரியும். 30 கிலோமீட்டருக்குப் பிறகு அதுவே எமன்.

சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்தால் உள்ளங்கையின் ஓரத்தில் நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தம். கைப்பிடியைப் பிடிக்கும் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள், முழங்கையை விறைக்காமல் லேசாக மடக்கி வையுங்கள். ராத்திரி தூங்கி எழுந்த பிறகும் மரப்பு போகவில்லை என்றால் மறுநாள் ஓட்டாதீர்கள்.

என்னென்ன எடுத்துப் போவது?

மொத்தம் ஆறேழு கிலோவுக்கு மேல் வேண்டாம். முதுகில் பை மாட்டாதீர்கள், முதுகும் வேகும் உட்காருமிடமும் நோகும். கேரியரில் வைத்துப் பழைய டியூபை நீளவாக்கில் வெட்டிய நாடாவால் கட்டுங்கள். அதைப்போல இறுக்கிப் பிடிக்கும் கயிறு கிடையாது. இரண்டு செட் துணி, துண்டு, தொப்பியும் ஹெல்மெட்டும், ஆதார் அட்டை, சில்லறையாகப் பணம், பவர் பேங்க், கட்டுத்துணி, டெட்டால், உங்கள் வழக்கமான மாத்திரை. வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி முன்பே இறக்கி வையுங்கள். ஊர்ப் பெயர்களை வரிசையாக ஒரு தாளிலும் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெண் தனியாகப் போகலாமா?

போகலாம். நான் போகிறேன்.

பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் அப்போது ஓட்டக் கற்றார்கள். கல் உடைத்தவர்களும் பூக்கட்டியவர்களும் பாவாடை தாவணியோடும் சேலையோடும் ஓட்டினார்கள். இந்தப் பக்கத்து ரோட்டில் சைக்கிளில் வரும் பெண் புதுமை இல்லை. தனியாகத் தூர ஊர் போகிறாள் என்பதுதான் கேள்வி. "எந்த ஊரு, எங்க போறீங்க, வூட்ல யாரும் வரலியா" என்று கேட்பார்கள். பெரும்பாலும் அக்கறைதான். நான் கடைக்கார அக்காவிடமும் பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பாட்டியிடமும் உண்மையைச் சொல்வேன். நடு ரோட்டில் வண்டியை ஒட்டி ஓட்டிக்கொண்டு கேட்பவனிடம் "அண்ணன் பின்னால பைக்ல வர்றார்" என்பேன். அன்றைக்கு எங்கே தங்குகிறேன் என்பதை வழியில் யாரிடமும் சொல்வதில்லை.

கழிப்பறைக்குப் பெட்ரோல் பங்க், பேருந்து நிலையம், பெரிய கோயில். இதற்குப் பயந்து தண்ணீரைக் குறைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவி எண் 181, ஆம்புலன்சுக்கு 108.

காரைக்காலைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். அது புதுச்சேரி ஒன்றியப் பகுதி, மதுக்கடைகள் அதிகம். மாலையில் எல்லை தாண்டித் திரும்பும் இருசக்கர வண்டிகளுக்கு நடுவே ஓட்டுவது ஆணுக்கும் நல்லதல்ல.

நாய் துரத்தினால்?

வேகமாக மிதித்துத் தப்ப முயலாதீர்கள், துரத்தத்தான் செய்யும். இறங்கிச் சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு அதட்டுங்கள், தள்ளிக்கொண்டே நடங்கள். தன் எல்லை முடிந்ததும் நின்றுவிடும். கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஊசி இலவசம். பயணம் அங்கேயே முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரோட்டில் எதற்குப் பயப்பட வேண்டும்?

தனியார் பேருந்துக்கு. பின்னால் நீளமாக ஹாரன் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் மண் ஓரத்துக்கு இறங்கிவிடுங்கள். அடுத்தது வைக்கோல் ஏற்றிய டிராக்டர். டிரெய்லரைவிட வைக்கோல் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும், ஓட்டுபவருக்கு உங்களைத் தெரியாது. மூன்றாவது, அறுவடைக் காலத்தில் ரோட்டிலேயே காயும் நெல். மணி மேல் சக்கரம் ஏறினால் வழுக்கும். இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போங்கள், அது ஒரு குடும்பத்தின் ஆறு மாதப் பாடு. ஊர் முகப்பில் வெள்ளைக் கோடு இல்லாத வேகத்தடைகள் உண்டு, பிரேக்கில் விரல் இருக்கட்டும்.

எங்கே தங்குவது?

கும்பகோணத்திலும் வேளாங்கண்ணியிலும் லாட்ஜுக்குப் பஞ்சமில்லை. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழாவில் மட்டும் இடம் கிடைக்காது. தரங்கம்பாடி சின்ன ஊர், முன்பே பேசி வையுங்கள். இடம் இல்லையென்றால் அன்று மயிலாடுதுறையிலேயே தங்கி அடுத்த நாளைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாம். கோடியக்கரையில் தங்குவது கடினம், வேதாரண்யத்தில் அறை எடுத்துப் பையை வைத்துவிட்டு வெறும் சைக்கிளில் போய்வாருங்கள். அறை பேசும்போதே "சைக்கிளை உள்ளே வைக்கலாமா" என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் வேறு லாட்ஜ்.

வீட்டில் விடமாட்டேன் என்கிறார்களே?

அம்மாவிடம் "ஒன்றும் ஆகாது" என்று சொல்லிப் பயனில்லை. எந்த நாள், எந்த ஊர், எந்த லாட்ஜ், அதன் தொலைபேசி எண் என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். காலை புறப்படும்போது, மதியம் படுக்கும்போது, மாலை சேர்ந்ததும், ஆக மூன்று அழைப்பு. ஏழு மணிக்குள் அழைப்பு வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். என் வீட்டில் அந்தத் தாளைக் காலண்டர் ஆணியில் மாட்டி வைத்தார்கள். மூன்றாம் நாள் மாலை நான் பேசுவதற்குள் அப்பாவே கேட்டார்: "நாகூர் தாண்டியாச்சா?"

வழியில் நின்று பார்க்க என்ன இருக்கிறது?

எல்லாவற்றுக்கும் நின்றால் நான்கு நாள் நாற்பது நாளாகும். நான் நிற்கச் சொல்வது மூன்று இடம். தரங்கம்பாடியில் 1620ஆம் ஆண்டு டென்மார்க்காரர்கள் கட்டிய டேனிஷ் கோட்டை, சாயங்கால வெயிலில். வேதாரண்யத்துக்கு அப்பால் அகஸ்தியம்பள்ளியில் உப்பு சத்தியாகிரக நினைவுத் தூண். 1930 ஏப்ரல் 13ஆம் தேதி ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து தொண்டர்கள் நடந்தே புறப்பட்டார்கள். ஏறத்தாழ 240 கிலோமீட்டர், பதினைந்து நாள், சித்திரை வெயில். நாம் வந்திருக்கும் தூரமும் கிட்டத்தட்ட அதுதான். மூன்றாவது கோடியக்கரைச் சரணாலயம். வெளிமான்கள் உண்டு, பனிக்காலத்தில் பூநாரைகள் வந்திருக்கும். உள்ளே போக வனத்துறைச் சாவடியில் அனுமதி கேட்க வேண்டும். சைக்கிளை விடுவார்களா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நடுவில் முடியாமல் போனால்? திரும்பி வருவது எப்படி?

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்: ரயில். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை ஒரே ரயில் பாதையில் இருப்பதால் மயிலாடுதுறை வரைக்கும் நீங்கள் ஒரு ஸ்டேஷனிலிருந்து அதிக தூரம் போவதே இல்லை. தரங்கம்பாடியில் மட்டும் ஸ்டேஷன் கிடையாது. அதற்குப் பிறகு காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி எல்லாவற்றிலும் ஸ்டேஷன் உண்டு. பெரிய ஸ்டேஷனில் உங்களுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, அதைக் காட்டிப் பார்சல் அலுவலகத்தில் சைக்கிளை லக்கேஜாகப் பதிவு செய்யலாம். கார்டு பெட்டியில் ஏற்றுவார்கள். ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். பெயரும் சேரும் ஊரும் எழுதிய அட்டையைச் சைக்கிளில் இரண்டு இடத்தில் கட்டுங்கள். விளக்கு, பம்ப், பாட்டிலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேதாரண்யத்திலிருந்து திரும்புவதற்குத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அகஸ்தியம்பள்ளிக்கு 2023இல் மறுபடி ரயில் விட்டார்கள், ஆனால் வண்டிகள் குறைவு, எல்லா வண்டியிலும் சைக்கிள் ஏற்ற வசதி எதிர்பார்க்க முடியாது. மேற்கூரையில் கேரியர் உள்ள பேருந்துகளும் குறைந்துவிட்டன. நான் செய்வது இது. வேதாரண்யம் கடைத்தெருவில் காலையில் நாகப்பட்டினம், திருவாரூர் பக்கம் திரும்பும் குட்டியானை வண்டி எதுவென்று விசாரித்து, பேசி முடித்த வாடகைக்குச் சைக்கிளைப் படுக்க வைத்துவிட்டு ஓட்டுநர் பக்கத்தில் ஏறிக்கொள்வேன். செயின் இருக்கும் பக்கம் மேலே இருக்க வேண்டும், அடியில் ஒரு சாக்கு. திருவாரூரில் இறங்கினால் ஸ்டேஷனிலேயே பார்சல் அலுவலகம். தஞ்சாவூர் வண்டி வரும்வரை பிளாட்பாரத்தில் காலை நீட்டி உட்காரலாம்.